குளோரின்: குடிநீரைக் காக்கும் வாயு கசிந்தால் உயிரைக் காப்பது எப்படி?

மும்பை:

மும்பையின் சிவ்ரி பகுதியில் 2010-ஆம் ஆண்டு ஜூலை 14-ஆம் தேதி அதிகாலை, துறைமுகத்தை ஒட்டி வாழ்ந்தவர்களும் பணியில் இருந்தவர்களும் திடீர் இருமலாலும் கண் எரிச்சலாலும் மூச்சுத் திணறலாலும் பாதிக்கப்பட்டனர். ஹாஜி பந்தரில் உள்ள மும்பை துறைமுகக் கழகத்தின் வளாகத்தில் பல ஆண்டுகளாகக் கேட்பாரற்றுக் கிடந்த சிலிண்டர்களில் ஒன்றிலிருந்து குளோரின் வாயு கசிந்ததே அதற்குக் காரணம். நூற்றுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர். துறைமுகத் தொழிலாளர்களும், அருகில் உள்ள கடல்சார் கல்லூரியின் மாணவர்களும், கசிவைக் கட்டுப்படுத்தச் சென்ற தீயணைப்புப் படையினர் சிலரும் பாதிக்கப்பட்டோரில் அடங்குவர்.

சிவ்ரியிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில், தாராவியின் ஒரு பகுதியாக இருக்கிறது மாட்டுங்கா லேபர் கேம்ப். திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து தலைமுறைகளாக வாழும் தமிழ்க் குடும்பங்கள் பல அங்கு உள்ளன. இருவர் எதிரெதிரே நடந்தால் ஒருவர் ஒதுங்கி நிற்க வேண்டிய சந்துகள், பத்தடிக்குப் பத்தடி அறைகள், பலர் பகிர்ந்துகொள்ளும் பொதுக் கழிப்பறைகள் ஆகியவை அப்பகுதியின் அன்றாடக் காட்சிகள். துப்புரவுப் பணி, தோல் தொழில், பழைய பொருள் வணிகம் என அங்குள்ளோரின் பிழைப்பு ஏதோ ஒரு வகையில் வேதிப்பொருட்களோடு பிணைந்துள்ளது. இத்தகைய இடத்தில் நச்சு வாயு ஒன்று பரவினால் என்ன நடக்கும், யார் என்ன செய்ய வேண்டும் என்பதை முன்கூட்டியே அறிந்திருப்பது அவசியமாகிறது.

நன்மையும் தீமையும்

குளோரினை 1774-ஆம் ஆண்டு சுவீடன் நாட்டு வேதியியலாளர் கார்ல் வில்ஹெல்ம் ஷீலே முதன்முதலில் பிரித்தெடுத்தார். அது ஒரு தனிமம் என்பதை 1810-இல் உறுதிசெய்து பெயரிட்டவர் இங்கிலாந்தின் ஹம்ப்ரி டேவி. குடிநீரில் மிகச் சிறிதளவு குளோரினைச் சேர்த்தால் காலரா, டைபாய்டு போன்ற நோய்களைப் பரப்பும் கிருமிகள் அழிகின்றன. அமெரிக்காவின் ஜெர்சி சிட்டி நகரில் 1908-இல் பெரிய அளவில் தொடங்கிய இம்முறை, பின்னர் உலகெங்கும் பரவியது. குழாயில் வரும் நீரில் சில நாட்களில் உணரப்படும் லேசான 'மருந்து' வாசனை இதனால் ஏற்படுவதே.

பிளீச்சிங் பவுடர், காகிதம், துணி வெளுப்பு, பிவிசி பிளாஸ்டிக், மருந்து, பூச்சிக்கொல்லி எனப் பல தொழில்களுக்கும் குளோரின் அடிப்படைப் பொருளாகும். அதே குளோரின்தான் முதல் உலகப் போரில், 1915-ஆம் ஆண்டு ஏப்ரல் 22-ஆம் தேதி பெல்ஜியத்தின் ஈப்ரே போர்முனையில் ஆயுதமாகத் திறந்துவிடப்பட்டது. எனவே, அது எந்த அளவில், எங்கு, யார் பொறுப்பில் இருக்கிறது என்பதே அதன் நன்மையையும் தீமையையும் தீர்மானிக்கிறது.

அதன் இயல்பு என்ன?

குளோரின் பசுமஞ்சள் நிறமுடைய வாயு. காற்றைவிட ஏறத்தாழ இரண்டரை மடங்கு கனமானது. ஆகவே, கசிந்தவுடன் மேலெழும்பிக் கலைந்து போகாமல் தரையோடு தவழ்ந்து செல்லும். பள்ளங்களிலும், சாக்கடைகளிலும், தாழ்வான அறைகளிலும் தேங்கி நிற்கும். காற்றோட்டம் குறைந்த இரவு நேரத்தில் இத்தேக்கம் மேலும் நீடிக்கும்.

அழுத்தத்தில் அது திரவமாக்கப்பட்டே சிலிண்டர்களில் அடைக்கப்படுகிறது. அழுத்தம் நீங்கினால், பூஜ்யத்துக்குக் கீழே 34 டிகிரி செல்சியஸிலேயே அது கொதித்து வாயுவாகிவிடும். ஒரு லிட்டர் திரவக் குளோரின் ஏறத்தாழ 460 லிட்டர் வாயுவாக விரியும். சிலிண்டரில் ஏற்படும் திரவக் கசிவு, வாயுக் கசிவைவிடப் பன்மடங்கு ஆபத்தானது எனக் கூறப்படுவதன் காரணம் இதுவே.

குளோரின் தானாகத் தீப்பற்றாது. எனினும், ஆக்சிஜனைப் போலவே பிற பொருட்கள் எரிவதற்கு அது துணைபுரியும். எண்ணெய், கிரீஸ், அமோனியா, ஹைட்ரஜன், டர்பன்டைன் ஆகியவற்றோடு சேர்ந்தால் கடும் வினை நிகழும். உலர்ந்த குளோரின் சாதாரண வெப்பநிலையில் இரும்பை அரிப்பதில்லை. ஆனால் ஈரம் பட்டால், அது ஹைட்ரோகுளோரிக் அமிலத்தையும் ஹைப்போகுளோரஸ் அமிலத்தையும் உருவாக்கி இரும்பை அரிக்கத் தொடங்கும். சிவ்ரி நிகழ்வைப் புரிந்துகொள்ள இந்த ஒரு செய்தி போதுமானது. கடற்காற்றும் பருவமழையும் படும் திறந்தவெளியில், 1997 முதல் உரிமை கோரப்படாமல் கிடந்ததாகக் கூறப்பட்ட சிலிண்டர்களின் உலோகமும் வால்வுகளும் எந்நிலையை அடைந்திருக்கும் என்பதை எளிதில் ஊகிக்கலாம்.

உடலில் என்ன செய்கிறது?

காற்றில் கலந்துள்ள குளோரினின் அளவு, பத்து லட்சம் பங்கு காற்றில் எத்தனை பங்கு என்ற கணக்கில் குறிக்கப்படுகிறது. இது 'பிபிஎம்' எனப்படும்.

ஒரு பிபிஎம் அளவுக்கும் குறைவாக இருக்கும்போதே பெரும்பாலோரால் அதன் நெடியை உணர முடியும். ஒன்று முதல் மூன்று பிபிஎம் வரை கண், மூக்கு, தொண்டையில் எரிச்சல் தோன்றும். 10 பிபிஎம் என்பது உயிருக்கு உடனடி ஆபத்து விளைவிக்கக்கூடிய எல்லையாகக் கருதப்படுகிறது. 30 பிபிஎம் அளவில் நெஞ்சுவலி, வாந்தி, மூச்சிரைப்பு ஏற்படும். 40 முதல் 60 பிபிஎம் வரை நுரையீரல் அழற்சியும் நீர்கோத்தலும் உண்டாகலாம். 430 பிபிஎம் அளவில் அரைமணி நேரத்திலும், 1,000 பிபிஎம் அளவில் சில நிமிடங்களிலும் உயிரிழப்பு நேரலாம்.

இந்த எண்களை லேபர் கேம்ப் வீடு ஒன்றோடு பொருத்திப் பார்க்கலாம். நீளம், அகலம், உயரம் மூன்றும் பத்தடி கொண்ட அறையின் கொள்ளளவு சுமார் 28 கன மீட்டர். அதில் 10 பிபிஎம் அளவை எட்டுவதற்கு ஒரு கிராமுக்கும் குறைவான குளோரின் போதும். நீர் சுத்திகரிப்பு நிலையங்களில் பயன்படும் பெரிய சிலிண்டர் ஒன்றில் இருப்பதோ 900 கிலோகிராம். அது முழுவதும் வாயுவானால் ஏறத்தாழ 300 கன மீட்டர். அதாவது, அத்தகைய பத்து அறைகளைக் காற்றே இல்லாமல் தூய குளோரினால் நிரப்பக்கூடிய அளவு.

குளோரினுக்கு மாற்று மருந்து கிடையாது. கண், மூச்சுக்குழாய், நுரையீரல் ஆகியவற்றின் ஈரத்தோடு கலந்து அமிலமாக மாறி அது திசுக்களைச் சிதைக்கிறது. ஆஸ்துமா நோயாளிகளும் முதியவர்களும் எளிதில் பாதிக்கப்படுவர். குழந்தைகளுக்கு ஆபத்து கூடுதல். அவர்களின் மூச்சுக்குழாய் சிறியது. உயரம் குறைவு என்பதால், தரையோடு தவழும் வாயுவுக்கு அருகிலேயே அவர்கள் மூச்சுவிடுகின்றனர்.

சிலிண்டரின் அமைப்பு

இந்தியாவில் குளோரின் பெரும்பாலும் 100 கிலோ சிலிண்டர்களிலும், 'டன்னர்' எனத் தொழிலில் அழைக்கப்படும் 900 கிலோ உருளைகளிலும் விற்கப்படுகிறது. இவற்றுக்குப் பொன்மஞ்சள் நிறம் பூசப்படுகிறது.

டன்னர் எப்போதும் படுக்கைவாட்டிலேயே வைக்கப்படும். அதன் ஒரு முனையில் இரண்டு வால்வுகள் உள்ளன. அவை ஒன்றன்மேல் ஒன்றாக, செங்குத்தான கோட்டில் அமையுமாறு உருளையை நிறுத்த வேண்டும். அப்போது மேல் வால்விலிருந்து வாயுவும், கீழ் வால்விலிருந்து திரவமும் வெளிவரும். உருளையின் இரு முனைகளிலும் உருகும் அடைப்பான்கள் பொருத்தப்பட்டுள்ளன. வெப்பம் 70 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது அவை உருகி வாயுவை வெளியேற்றும். உருளை வெடித்துச் சிதறுவதைத் தடுக்கவே இந்த ஏற்பாடு. ஆனால், சிலிண்டருக்கு அருகே தீ மூண்டால் இதுவே பெருங்கசிவுக்கு வழியாகிவிடும் என்பதால், தீயை அணைப்பதோடு சேதமடையாத சிலிண்டர்களை உடனே அப்புறப்படுத்துவதும் அவசியம்.

எங்கு, எப்படிச் சேமிக்க வேண்டும்?

குளோரின் கிடங்கு தரைமட்டத்திலோ அதற்குச் சற்று உயரமாகவோ இருக்க வேண்டும். நிலவறைகளில் வைத்தல் கூடாது. நேரடி வெயிலும் மழையும் படாத, காற்றோட்டமுள்ள, தீப்பற்றாத கட்டுமானமாக அது அமைய வேண்டும். வாயு தாழ்வாகத் தேங்கும் இயல்புடையது என்பதால், காற்றை வெளியேற்றும் விசிறிகளும் கசிவு உணர்கருவிகளும் தரையையொட்டியே பொருத்தப்பட வேண்டும். விசிறியின் மின்விசை அறைக்கு வெளியே இருக்க வேண்டும். வெளிப்புறமாகத் திறக்கும் கதவுகள் எதிரெதிர்த் திசைகளில் இரண்டாவது இருக்க வேண்டும்.

டன்னர்களைத் தண்டவாளம் போன்ற தாங்கிகளில் ஒரே அடுக்காகக் கிடத்தி, உருளாதபடி இருபுறமும் ஆப்பு வைக்க வேண்டும். 100 கிலோ சிலிண்டர்களை நிமிர்த்தி வைத்துச் சங்கிலியால் கட்ட வேண்டும். முதலில் வந்ததை முதலில் பயன்படுத்த வேண்டும். அமோனியா, எரிவாயு சிலிண்டர்கள், எண்ணெய், பெயின்ட் முதலியவற்றை அதே அறையில் வைத்தல் கூடாது.

காலி சிலிண்டர் என்று எதையும் அலட்சியமாகக் கருதக் கூடாது. அதில் எஞ்சிய வாயு எப்போதும் இருக்கும். சிறிதளவு அழுத்தம் மிஞ்சியிருக்கும்போதே வால்வை மூடி, மூடியைப் பொருத்தித் திருப்பி அனுப்ப வேண்டும். முழுவதும் காலியாக விட்டால் வெளிக்காற்றின் ஈரம் உள்ளே நுழைந்து அரிப்பு தொடங்கிவிடும்.

சுவாசக் கருவி, அவசரகாலக் கருவிப் பெட்டி ஆகியவை கிடங்குக்கு வெளியே, எளிதில் எடுக்கக்கூடிய இடத்தில் இருக்க வேண்டும். உள்ளே பூட்டி வைக்கப்பட்ட கருவியை, வாயு நிரம்பிய அறையிலிருந்து எடுக்க ஒருவராலும் இயலாது. காற்றின் திசையைக் காட்டும் காற்றுப்பையை வளாகத்தின் எல்லாப் பகுதிகளிலிருந்தும் தெரியுமாறு உயரத்தில் கட்ட வேண்டும்.

கையாளும்போது கவனிக்க வேண்டியவை

சிலிண்டர்களை உருட்டுவதும், லாரியிலிருந்து தள்ளிவிடுவதும், கயிறு கட்டி வால்வைப் பிடித்துத் தூக்குவதும் கூடாது. டன்னரைத் தூக்குவதற்கென உரிய தூக்குச் சட்டத்தையும் கிரேனையும் பயன்படுத்த வேண்டும். ஜோர்டானின் அகபா துறைமுகத்தில் 2022-ஆம் ஆண்டு ஜூன் 27-ஆம் தேதி கப்பலில் ஏற்றப்படும்போது குளோரின் கொள்கலன் ஒன்று கீழே விழுந்து உடைந்ததில் 13 பேர் உயிரிழந்தனர். 200-க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர்.

வால்வைத் திறக்க அதற்குரிய சிறிய ஸ்பேனரை மட்டுமே பயன்படுத்த வேண்டும். திறக்கவில்லை என்பதற்காக ஸ்பேனரில் குழாயைச் செருகி நீட்டித் திருகினால் வால்வின் தண்டு முறியலாம். ஒவ்வொரு முறை இணைக்கும்போதும் புதிய கேஸ்கெட் இட வேண்டும். இணைப்புகளில் எண்ணெயோ கிரீஸோ தடவக் கூடாது. வாயுவை வேகமாக எடுக்கும்போது சிலிண்டரின் வெளிப்புறம் குளிர்ந்து பனி படியலாம். அதை நெருப்பாலோ சுடுநீராலோ சூடேற்றுவது பேராபத்து.

கசிவு ஏற்பட்டால்: பணியாளர்களுக்கு

கசிவின் இடத்தைக் கண்டறிய, அமோனியாக் கரைசலில் நனைத்த பஞ்சை ஒரு குச்சியில் சுற்றி இணைப்புகளின் அருகே காட்டும் முறை நீண்டகாலமாகப் பின்பற்றப்படுகிறது. குளோரின் கசியுமிடத்தில் வெண்புகை எழும்.

காற்றுச் சிலிண்டருடன் கூடிய சுவாசக் கருவியும் பாதுகாப்பு உடையும் அணிந்த, பயிற்சி பெற்ற இருவர் மட்டுமே உள்ளே செல்ல வேண்டும். ஒருவர் தனியாகச் செல்லக் கூடாது. துணி முகக்கவசமோ, வடிகட்டி பொருத்திய சாதாரண முகக்கவசமோ பெருங்கசிவில் பயன்படாது. காற்று வீசும் திசைக்கு முதுகைக் காட்டியவாறே நெருங்க வேண்டும்.

திரவம் கசிந்தால், கசிவுத்துளை மேற்புறம் வருமாறு உருளையைத் திருப்ப வேண்டும். அப்போது திரவத்துக்குப் பதிலாக வாயு மட்டுமே வெளிவரும். வெளியேறும் அளவு பெரிதும் குறையும். பின்னர் அவசரகாலக் கருவிப் பெட்டியில் உள்ள தொப்பி, பட்டி முதலியவற்றால் துளையை அடைக்க வேண்டும்.

கசியும் சிலிண்டரின்மீது தண்ணீர் பாய்ச்சுவது பலரும் செய்யும் தவறு. தண்ணீர் பட்டதும் அமிலம் உருவாகி, ஊசிமுனைத் துளையைப் பெருந்துளையாக்கிவிடும். தண்ணீரின் வெப்பம் திரவக் குளோரினை மேலும் வேகமாகக் கொதிக்கவும் செய்யும். சிலிண்டரைக் குளத்திலோ கடலிலோ தள்ளுவதும் இதே காரணத்தால் தவறு. வாயு செல்லும் திசையில், சிலிண்டரின்மீது படாமல், மெல்லிய நீர்த்திரை அமைத்து அதன் பரவலைக் குறைக்கலாம்.

கசியும் வாயுவைக் குழாய்வழியே காஸ்டிக் சோடாக் கரைசலிலோ சுண்ணாம்புக் கரைசலிலோ செலுத்தி நடுநிலைப்படுத்த வேண்டும். ஒரு கிலோ குளோரினுக்குக் குறைந்தது 1.13 கிலோ காஸ்டிக் சோடா தேவை என்பது வேதியியல் கணக்கு. நடைமுறையில் அதைவிடக் கூடுதலாக இருப்பு வைக்க வேண்டும். அவ்வாறெனில், ஒரு டன்னருக்கு மட்டும் ஒரு டன்னுக்கும் அதிகமான காஸ்டிக் சோடா தயாராக இருக்க வேண்டும். சிவ்ரியில் கசிவு தொடங்கிய பின்னரே தேசியப் பேரிடர் மீட்புப் படையினர் உள்ளிட்டோர் வரவழைக்கப்பட்டனர் என்பது, இத்தகைய ஆயத்தம் அங்கேயே இருந்திருக்க வேண்டியதன் தேவையை உணர்த்துகிறது.

கசிவு ஏற்பட்டால்: பொதுமக்களுக்கு

கடும் பிளீச்சிங் நெடி திடீரென வீசி, கண் எரிந்து, பலரும் ஒரே நேரத்தில் இருமத் தொடங்கினால், குளோரின் கசிவு என ஐயுற வேண்டும். வாயு எங்கிருந்து வருகிறது என்று தேடிச் செல்லக் கூடாது.

முதலில் காற்றின் திசையைக் கவனிக்க வேண்டும். கொடி, புகை, கொடியில் காயும் துணி ஆகியவை அதைக் காட்டும். காற்று வீசும் போக்கிலேயே ஓடினால் வாயுவும் உடன் வரும். காற்றுக்குக் குறுக்காக, இடமோ வலமோ நகர்ந்து வாயுப் பாதையிலிருந்து விலகி, பின்னர் காற்று வரும் திசையை நோக்கிச் செல்ல வேண்டும். ஓடுவதால் மூச்சு வாங்கும். அதிக வாயு உள்ளே செல்லும். விரைவாக நடப்பதே நல்லது.

தாழ்வான இடங்களைத் தவிர்த்து உயரமான இடத்துக்குச் செல்ல வேண்டும். லேபர் கேம்ப் போன்ற இடத்தில் இதற்குத் தனிப் பொருள் உண்டு. சாக்கடையையொட்டிய சந்துகளிலும் தரைத்தள அறைகளிலும் வாயு தேங்கும். தப்பிச் செல்ல வழியில்லாதபோது, அருகில் உள்ள கட்டடத்தின் மேல்தளத்துக்கு ஏறுவதே உடனடிப் பாதுகாப்பு. தீவிபத்தில் புகைக்குக் கீழே குனிந்து தவழ வேண்டும் என்பது பலருக்கும் கற்பிக்கப்பட்டுள்ளது. குளோரின் கசிவில் அவ்வாறு செய்யக் கூடாது. குழந்தைகளைத் தரையில் நடத்தாமல் தூக்கிக்கொள்ள வேண்டும்.

ஈரத்துணியை மடித்து மூக்கையும் வாயையும் மூடிக்கொள்வது ஓரளவு உதவும். வாயு மிகுந்த இடத்துக்குள் நுழைய அதை நம்பக் கூடாது. வெளியேற முடியாதவர்கள் கதவு, ஜன்னல்களை மூடி, இடுக்குகளில் ஈரத்துணி செருகி, விசிறி, குளிர்சாதனக் கருவி ஆகியவற்றை நிறுத்திவிட்டு, அதிகாரிகளின் அறிவிப்புக்காகக் காத்திருக்க வேண்டும்.

அவசர உதவிக்கு 112, தீயணைப்புக்கு 101, ஆம்புலன்ஸுக்கு 108 ஆகிய எண்களை அழைக்கலாம். மும்பை மாநகராட்சியின் பேரிடர் மேலாண்மைக் கட்டுப்பாட்டு அறை எண் 1916. நெடியின் தன்மை, இடம், பாதிக்கப்பட்டோர் எண்ணிக்கை ஆகியவற்றைத் தெளிவாகக் கூற வேண்டும். எந்த வாயு என்பது தெரிந்தால் மீட்புப் பணியே மாறும். சென்னை எண்ணூரில் 2023 டிசம்பர் 26-ஆம் தேதி நள்ளிரவு கடலடிக் குழாயிலிருந்து கசிந்த அமோனியா, தண்ணீரில் எளிதில் கரையும் வாயு. அதனை நீர்த்தெளிப்பால் பெருமளவு அடக்கலாம். குளோரின் அவ்வாறு எளிதில் கரைவதில்லை.

முதலுதவி

பாதிக்கப்பட்டவரைத் தூய காற்றுள்ள இடத்துக்குக் கொண்டு செல்ல வேண்டும். இறுக்கமான உடைகளைத் தளர்த்தி, சாய்ந்து உட்காரச் செய்ய வேண்டும். அவர் நடக்கவோ வேலை செய்யவோ கூடாது. வாயு பட்ட உடைகளைக் களைந்து, உடலைத் தண்ணீரால் நன்கு கழுவ வேண்டும். கண்களைக் கசக்காமல், இமைகளை விரித்துப் பிடித்து, குறைந்தது 15 நிமிடங்கள் ஓடும் நீரில் கழுவ வேண்டும். திரவக் குளோரின் பட்ட இடம் உறைந்து புண்ணாகியிருந்தால் அதைத் தேய்க்கக் கூடாது.

நினைவிழந்தவருக்கு வாய்வழியாக எதையும் புகட்டக் கூடாது. மருத்துவமனையில் ஆக்சிஜனும், மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்தும் அளிக்கப்படும். அதிகமாகச் சுவாசித்தவர்களுக்கு நுரையீரலில் நீர் கோத்தல் பல மணிநேரம் கழித்தும் தொடங்கலாம். இருமல் குறைந்துவிட்டது என்பதற்காக உடனே வீடு திரும்பாமல், மருத்துவர் கூறும்வரை கண்காணிப்பில் இருக்க வேண்டும்.

கழிப்பறையில் உருவாகும் குளோரின்

குளோரின் ஆபத்துக்குத் தொழிற்சாலையோ துறைமுகமோ தேவையில்லை. பிளீச்சிங் பவுடருடன் கழிப்பறை ஆசிட் கலந்தாலே அந்த வாயு உருவாகும். பிளீச்சிங் பவுடரில் உள்ள ஹைப்போகுளோரைட்டும், ஆசிட்டில் உள்ள ஹைட்ரோகுளோரிக் அமிலமும் வினைபுரிந்து குளோரினை விடுவிக்கின்றன.

ஒரு தேக்கரண்டி பிளீச்சிங் பவுடருக்கு ஏறத்தாழ ஒரு கிராம் குளோரினை விடுவிக்கும் ஆற்றல் உண்டு. நான்கடிக்கு நான்கடி, ஏழடி உயரக் கழிப்பறையில் 10 பிபிஎம் அளவை எட்டுவதற்குக் கிராமில் பத்தில் ஒரு பங்கே போதும். கதவைச் சாத்திக்கொண்டு, குனிந்து தரையைத் தேய்க்கும் துப்புரவுப் பணியாளரின் முகம், வாயு தேங்கும் உயரத்திலேயே இருக்கிறது.

மழைக்காலத்தில் இந்த ஆபத்து கூடுகிறது. மும்பையை 2005-ஆம் ஆண்டு ஜூலை 26-ஆம் தேதி மூழ்கடித்தது போன்ற பெருவெள்ளங்களுக்குப் பின்னர் பிளீச்சிங் பவுடர் பெருமளவில் தூவப்படுவது வழக்கம். அதன்மீதே ஆசிட் ஊற்றிக் கழுவினால் 'இரட்டைச் சுத்தம்' கிடைக்கும் என்ற எண்ணம் தவறானது. ஒன்றைப் பயன்படுத்தினால், நிறையத் தண்ணீர் ஊற்றிக் கழுவிய பின்னரே, வேறொரு நாளில் மற்றதைப் பயன்படுத்த வேண்டும். இரண்டையும் ஒரே அலமாரியில் அருகருகே வைக்கக் கூடாது. ஆசிட் இருந்த பாட்டிலில் பிளீச்சிங் கரைசலை நிரப்பக் கூடாது. கதவைத் திறந்து வைத்தே சுத்தம் செய்ய வேண்டும். தவறுதலாகக் கலந்து நெடி எழுந்தால், மேலும் எதையும் ஊற்றாமல் உடனே வெளியேற வேண்டும்.

பிளீச்சிங் திரவம் தயாரிக்கும் சிறு ஆலைகளிலும் இதே எச்சரிக்கை தேவை. ஈரோடு மாவட்டம் சித்தோடு அருகே 2021 ஜூலை மாதம் அத்தகைய ஆலை ஒன்றில் குளோரின் கசிந்து, அதன் உரிமையாளர் உயிரிழந்தார். பத்துக்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர்.

சட்டம் என்ன சொல்கிறது?

அழுத்தத்தில் வாயு அடைத்த சிலிண்டர்கள், வெடிபொருள் சட்டத்தின்கீழ் இயற்றப்பட்ட 2016-ஆம் ஆண்டின் வாயு உருளை விதிகளுக்கு உட்பட்டவை. நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு இவற்றைக் கண்காணிக்கிறது. சிலிண்டர்கள் குறிப்பிட்ட கால இடைவெளியில் அழுத்தச் சோதனைக்கு உட்படுத்தப்பட வேண்டும். சோதனைக் காலம் கடந்தவற்றில் வாயு நிரப்பக் கூடாது.

போபால் விஷவாயுப் பேரழிவுக்குப் பின்னர், 1989-இல் அபாயகரமான வேதிப்பொருட்களின் உற்பத்தி, சேமிப்பு மற்றும் இறக்குமதி விதிகள் கொண்டுவரப்பட்டன. அவற்றின்படி, 10 டன்னோ அதற்கு மேலோ குளோரின் வைத்திருப்பவர் அதனை அதிகாரிகளுக்கு அறிவித்து, அவசரகாலத் திட்டம் வகுக்க வேண்டும். விபத்தின் தன்மை, அப்போது செய்ய வேண்டியவை, செய்யக் கூடாதவை ஆகியவற்றைச் சுற்றுப்புற மக்களுக்குத் தெரிவிக்கவும் வேண்டும். 25 டன்னை எட்டினால் பாதுகாப்பு அறிக்கையும் கட்டாயம். வேலிக்கு வெளியே வாழும் மக்களுக்கு, வேலிக்கு உள்ளே இருப்பதைத் தெரிந்துகொள்ளும் உரிமை உண்டு என்பதே இதன் சாரம்.

ஆனால், அளவு வரம்புக்குக் கீழே இருப்பவையும், உரிமையாளர் கைவிட்டவையும் இந்தப் பார்வைக்கு எளிதில் தப்பிவிடுகின்றன. சிவ்ரி நிகழ்வு நடந்த அதே 2010-ஆம் ஆண்டில், டெல்லி பல்கலைக்கழகத்தில் பல ஆண்டுகள் பயன்படாமல் கிடந்த கதிர்வீச்சுக் கருவி ஏலத்தில் விற்கப்பட்டு, மாயாபுரி பழைய இரும்புச் சந்தையில் உடைக்கப்பட்டது. அதிலிருந்த கோபால்ட்-60 கதிர்வீச்சால் ஒருவர் உயிரிழந்தார். இரு நிகழ்வுகளிலும் ஆபத்து வந்தது ஓடிக்கொண்டிருந்த ஆலையிலிருந்து அன்று; மறக்கப்பட்ட பொருளிலிருந்து.

பழைய பொருள் வணிகம் செழித்துள்ள தாராவி போன்ற பகுதிக்கு இது நேரடியாகப் பொருந்தும் எச்சரிக்கை. துருவேறிய சிலிண்டர் ஒன்று, குறிப்பாக மஞ்சள் பூச்சின் சுவடு தெரியும் கனத்த உருளை, எடைக்கு விற்பனைக்கு வந்தால் அதனை வாங்கவோ, வால்வைக் கழற்றவோ, கேஸ் கட்டரால் வெட்டவோ கூடாது. காலி என்று விற்பவர் கூறினாலும் நம்பக் கூடாது. அதைத் தொடாமல், ஆட்களை விலக்கி, தீயணைப்புத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். இரும்பு எடையில் கிடைக்கும் சில நூறு ரூபாய்க்காக ஒரு சந்தே மூச்சிழக்க நேரிடலாம்.

நெருக்கமான குடியிருப்புகளில் ஒவ்வொரு குடும்பமும் மூன்று கேள்விகளுக்கு விடை தெரிந்து வைத்திருப்பது நல்லது. வீட்டிலிருந்து 60 அடி சாலை போன்ற அகன்ற சாலைக்குச் செல்ல ஒன்றுக்கு மேற்பட்ட வழிகள் எவை? அருகில் ஏறக்கூடிய மேல்தளம் எது? நடக்க இயலாத முதியவரையும் சிறு குழந்தையையும் யார் தூக்கிச் செல்வது? இவற்றை ஒரு மாலைப்பொழுதில் பேசி முடிவு செய்துவிடலாம். வாயு வந்த பின்னர் பேசுவதற்கு நேரம் இருக்காது.